மூன்று போல்ட், பதினைந்து வாஷர்

தேனிப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு வளைந்துகொடுத்து வேலை செய்யத் தெரியவில்லை என்பதை ஒரு நிபுணர் குழு கண்டுபிடித்தது. மூன்று நாள் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். ஒரு பட்டறைக்குள்ளும் அவர்கள் காலெடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் அறிக்கை எழுதுவது சிரமமாகியிருக்கும்.

அறிக்கையின் பலனாகத் தொழிற்பேட்டைக்குள் ஒரு கட்டடம் எழும்பியது. 'நெகிழ்திறன் வடிவமைப்பு மற்றும் துரித உற்பத்திக்கான தகவல் முறைமை ஆதரவு மையம்' என்று அதற்குப் பெயர். பலகை முன்சுவரில் அடங்காமல் பக்கச்சுவருக்குத் திரும்பியது. வாசலில் நின்று பார்த்தால் 'மற்றும்' வரைக்கும்தான் தெரியும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சாக்கடையைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். இதுவரை யாரும் போனதாகத் தகவல் இல்லை.

மையத்தின் இயக்குநர் முனைவர் வைகுண்டராஜ். ஜெயமங்கலத்தில் பிறந்து வளர்ந்து, பதினேழு வயதில் பஸ் ஏறிப் போனவர். முப்பது வருடம் கழித்து, நெகிழ்வுத்தன்மையில் டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்தார். கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார். யாரையாவது பார்க்க வேண்டுமானால் முழு உடம்போடுதான் திரும்புவார். நோய் என்று நினைத்துச் சிலர் இரக்கப்பட்டார்கள். பதவி என்பது பிறகு தெரிந்தது.

பேட்டையில் ஏழாம் எண் ஷெட் மாரிசெல்வத்தினுடையது. ஏலக்காய் காயவைக்கும் டிரையர் செய்வது அவன் தொழில். வாடிக்கையாளர் வந்து கேட்டதைச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைவான். நாலடி என்றால் தரையிலும் நாலடி. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படத்துக்குள் போய் நின்று கையை நீட்டிப் பார்ப்பார். மேல்தட்டு எட்டாது போலிருக்கே என்பார். மாரிசெல்வம் காலாலேயே கோட்டை அழித்துவிட்டு அரை அடி தள்ளிப் போடுவான். நாலு நிமிட வேலை. இடையில் டீ வந்தால் ஆறு நிமிடம். இருபத்திரண்டு வருடமாக இப்படிச் செய்துவந்தவன், தனக்கு நெகிழ்வுத்தன்மை கிடையாது என்பதை அறிக்கை வந்த பிறகுதான் அறிந்தான்.

தொடக்க விழாவில் முனைவர் பேசினார். "மாற்றம் என்றால் உங்களுக்குப் பயம். அது உங்கள் தவறல்ல, உங்கள் பின்னணி அப்படி. இனி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மாற்றத்தை முறைமை பார்த்துக்கொள்ளும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். மாற்றவும் முடியாது. முழுமையான நெகிழ்வு என்பது அதுதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். மையத்தில் சேராதவர்களுக்கு ஷெட் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று முந்தின நாளே சுற்றறிக்கை வந்திருந்தது. நாற்பது ஷெட்காரர்களும் மனமுவந்து சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு ஷெட்டிலும் இரண்டு சாமான் பொருத்தினார்கள். ஒன்று, தரையைப் பார்த்தபடி கூரையில் ஒரு கேமரா. மற்றது, மெயின் சுவிட்சின் மேல் ஒரு பெட்டி. மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அனுஷ்கா, உத்தமபாளையத்துப் பெண், பொறுமையாக விளக்கினாள்.

"தரையில வரையுறத கேமரா படிச்சுக்கும் அண்ணே. வேலை நடக்கலாம்னு முறைமை ஒத்துக்கிட்டா பச்சை லைட்டு எரியும், கரண்டு வரும். ஒத்துக்கலைன்னா செவப்பு. ஜெனரேட்டரும் இந்தப் பெட்டி வழியாத்தான்."

"கோட்டை அழிச்சு மாத்திப் போட்டா?"

"இறுதின்னு பதிவான படத்தத் தொடக் கூடாது. தொட்டா செவப்பு."

மாரிசெல்வம் தன் படத்தைச் சுற்றிக் கயிறு கட்டினான். அன்றிலிருந்து சொந்தப் பட்டறையில் சுவரை ஒட்டி நடந்து பழகினான்.

காலையில் 'நின்றபடி கூட்டம்' என்று ஒன்றும் வந்தது. நாற்பது ஷெட்காரர்களும் தொலைபேசித் திரையைப் பார்த்தபடி நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் உட்காரத் தடை. கூட்டம் இரண்டேகால் மணி நேரம் நடக்கும். மூன்றாவது நாள், எது தடை என்று கேட்டபோது, மாரிசெல்வத்தின் வெல்டர் சின்னக்கருப்பு "இந்தக் கூட்டந்தேன்" என்றான். அது 'உற்சாகமான பின்னூட்டம்' என்று பதிவானது.

இந்த நிலையில்தான் பண்ணைப்புரத்துக் கஸ்தூரியம்மாளின் டிரையர் முடியும் தருவாயில் இருந்தது. புருஷன் போன பிறகு, மலைக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தைத் தனியாளாகப் பார்க்கிறவள். ஏலக்காயைப் பறித்த மறுநாளுக்குள் டிரையரில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பச்சை போய்விடும், பிறகு பூஞ்சை ஏறிவிடும். போன வருடம் அவள் பக்கத்துத் தோட்டக்காரரின் டிரையருக்குக் காத்துக் கிடந்தாள். அவர் தன் காயெல்லாம் ஏற்றி முடித்து மூன்றாம் நாள் இவளுக்கு இடம் கொடுத்தார். போடி ஏலக் கடையில் வியாபாரி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு மூட்டையை ஓரமாகத் தள்ளினான். அந்தத் தள்ளலை அவளால் மறக்க முடியவில்லை. இந்த வருடம் எனக்கென்று ஒரு டிரையர் என்று முடிவு செய்து மாரிசெல்வத்திடம் வந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சுப்பா. மிஷினு வைக்கிற கொட்டாய்க்கு நெல வைக்கிறதுக்கு முந்தி செவுத்து வாசல அளந்து சொல்லிட்டேன். இப்ப நெல வச்சிட்டாக. அரை அடி கொறையுது. இந்த மிஷினு உள்ள போகாது."

"அதுக்கென்னக்கா, அரை அடிய வெட்டி ஒட்டிருவோம்" என்று சொன்ன பிறகுதான் மாரிசெல்வத்துக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. "பறிப்பு எப்ப?"

"திங்கக்கெழம. ஆளு சொல்லியாச்சு."

அனுஷ்கா மாற்றக் கோரிக்கைப் படிவத்தோடு வந்தாள். பதினோரு பக்கம். 'இம்மாற்றம் தங்களின் தொலைநோக்குப் பார்வையோடு எவ்வாறு ஒத்திசைகிறது?' என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி. "வாசல்ல நொழையணும்னு எழுதும்மா" என்றாள் கஸ்தூரியம்மாள். படிவத்தை முறைமையில் ஏற்றிய மறு நொடி பெட்டி சிவப்பானது. கிரைண்டர், வெல்டிங் செட், மின்விசிறி எல்லாம் நின்றன. மாற்றம் கோரப்பட்ட வேலை, மாற்றக் குழு கூடும்வரை நிறுத்திவைக்கப்படும். குழு மாதக் கடைசி வியாழனில் கூடும். இந்த மாதத்து வியாழன் போன வாரம்தான் முடிந்திருந்தது.

மறுநாள் மாரிசெல்வமும் கஸ்தூரியம்மாளும் மையத்துக்குப் போனார்கள். முனைவர் முழு உடம்போடு திரும்பி அவர்களைப் பார்த்தார்.

"அரை அடிதான் பிரச்சினை என்றால் வாசலை அகலப்படுத்தலாமே?"

"கருங்கல்லுச் செவுரு சார்" என்றாள் கஸ்தூரியம்மாள். "நெலையப் பேத்தா மேல் கட்டு எறங்கிரும். மழ வேற பிடிச்சிருச்சு."

"இதைத்தான் நான் மனத்தடை என்கிறேன். எங்கள் முறைமை எத்தனை மாற்றத்தையும் தாங்கும் அம்மா. ஆனால் ஒவ்வொருவரும் மாற்றம் கேட்க ஆரம்பித்தால் முறைமை என்ன ஆவது?"

"வேற ஊருல போயி வெட்டிக்கிறோம் சார்" என்றான் மாரிசெல்வம்.

"பாதி நிலையில் உள்ள பொருள் பேட்டையின் கேட்டைத் தாண்டக் கூடாது. உங்கள் பாதுகாப்புக்காகத்தான்." பிறகு கனிவோடு சொன்னார்: "ஏலக்காய் ஒரு மாதம் காத்திருக்காதா? இந்த மையத்துக்கு ஒப்புதல் வாங்க நானே எட்டு வருடம் காத்திருந்தேன்."

திரும்பி வந்த மாரிசெல்வம் ஆத்திரத்தில் சாக்பீஸை எடுத்தான். தரையின் காலி இடத்தில் மூன்றரை அடிக்குப் புது டிரையர் வரைந்தான். தொலைபேசியில் உடனே பதில் வந்தது. 'ஏற்கெனவே உள்ள வடிவத்தோடு தொண்ணூறு விழுக்காடு ஒத்துள்ளது. புதுமை இல்லை. நிராகரிக்கப்படுகிறது.'

சின்னக்கருப்பு அதைப் படித்துவிட்டுப் புதுப் படத்தைக் காலால் அழித்தான். "வேல இல்லன்னு ஆச்சு. ஒரு ஆட்டமாச்சும் போடுவோம்ண்ணே" என்று அந்த இடத்தில் ஆடுபுலிக் கட்டம் போட்டான். உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே மூன்று கோடுகள். மூன்று போல்ட் புலி, பதினைந்து வாஷர் ஆடு. கேமரா வந்ததிலிருந்து அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஆடுவதையே விட்டிருந்தார்கள். மாரிசெல்வம் அரை மனதோடு ஒரு வாஷரை வைத்தான். சின்னக்கருப்பு ஒரு போல்ட்டை நகர்த்தினான்.

பெட்டி பச்சையானது. மின்விசிறி சுற்றியது.

"ஏலே, எதத் தொட்ட?"

"புலியத்தாண்ணே தொட்டேன்."

தொலைபேசியைப் பார்த்தார்கள். 'வாழ்த்துகள். கஸ்தூரியம்மாள் பெயரிலான ஆர்டருக்கு முற்றிலும் புதிய வடிவம் பெறப்பட்டது. ஒரு மாற்றம் பதிவாகியுள்ளது. கேமரா வழி வரும் மாற்றங்களுக்குக் குழு ஒப்புதல் தேவையில்லை. பத்து நிமிட உற்பத்தி நேரம் வழங்கப்படுகிறது.'

மாரிசெல்வம் இன்னொரு வாஷரை வைத்தான். இன்னொரு பத்து நிமிடம் வந்தது. மனிதன் எழுதிக் கேட்டால் ஒரு மாதம். புலி நகர்ந்தால் பத்து நிமிடம். முறைமையின் ரகசியத்தை அந்தப் பிற்பகலில் இருவரும் முழுசாகப் படித்துவிட்டார்கள். ஒரு பாடம் மட்டும் அடிபட்டுத் தெரிந்தது. ஆட்டச் சூட்டில் மாரிசெல்வம் மூன்று புலியையும் நகர முடியாமல் கட்டிப்போட்டான். உடனே பெட்டி சிவப்பானது. 'அசைவுகள் முடிவுற்றன. வடிவம் இறுதியாகும் நிலையில் உள்ளது. நாளை காலை வரை மறுபரிசீலனை செய்யலாம்.' ஒரு வாஷரைப் பின்னுக்கு எடுத்த பிறகுதான் மறுபடி பச்சை வந்தது.

ஆக, ஆட வேண்டும். ஆனால் முடிக்கக் கூடாது.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் கஸ்தூரியம்மாள் வந்துவிட்டாள். மாரிசெல்வம் டிரையரைப் பிரிக்க, அவள் ஆட்டுப் பக்கமும் சின்னக்கருப்பு புலிப் பக்கமும் உட்கார்ந்தார்கள். அவனுக்கு அது பெரிய வேதனை. வீரபாண்டித் திருவிழாவில் ஆடுபுலியில் யாரிடமும் தோற்காதவன். வெட்டக்கூடிய ஆட்டை வெட்டாமல் விடுவது அவன் உடம்புக்கே ஒத்துவரவில்லை.

"ஆத்தா, அந்த ஆட்ட நகத்துங்க. கை நமநமங்குது."

"வெட்டாதப்பா. எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் வெல்டு ஆகணும்."

வெள்ளிக்கிழமையும் இப்படியே போனது. பழைய பக்கத் தகடுகளைக் கழற்றி, ஆங்கிள் இரும்பை அரை அடி வெட்டி, ஒரு பக்கத்தை ஒட்டியாயிற்று. இதற்கிடையில் மையத்தின் திரையில் ஏழாம் எண் ஷெட் மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்திருந்தது. மூன்று நாளில் நூற்று எழுபது வடிவ மாற்றங்கள். மற்ற முப்பத்தொன்பது ஷெட்டும் சேர்ந்து மூன்று. காலைக் கூட்டத்தில் முனைவர் தழுதழுத்தார். "இந்த மண்ணில் இப்படி ஒரு சுறுசுறுப்பு உறங்கிக் கிடந்திருக்கிறது" என்றார்.

சனிக்கிழமை மதியம், கடைசிப் பக்கத்துக்கு இரண்டு மணி நேர வெல்டிங்தான் மிச்சம் என்ற நிலையில், வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன. மேலிடத்துப் பார்வையாளர்கள் நாலு பேர். மாலை போட்டுக்கொண்டு முன்னால் முனைவர், பின்னால் அனுஷ்கா.

"வாடிக்கையாளரே தரையில் அமர்ந்து வடிவமைப்பில் பங்கேற்கிறார், கவனியுங்கள்" என்றார் முனைவர், கஸ்தூரியம்மாளைக் காட்டி. நாலு பேரும் படம் எடுத்தார்கள். அப்புறம் அவர் முழு உடம்போடு திரும்பித் தரையைப் பார்த்தார்.

ஜெயமங்கலத்தில் பிறந்த எவனுக்கும் அது என்னவென்று தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிடம் முகத்தில் டாக்டர் பட்டமே இல்லை.

"இது என்ன வடிவம்?" என்று பார்வையாளர் ஒருவர் கேட்டார்.

முனைவர் தொண்டையைச் செருமினார். "முக்கோணச் சுமைதாங்கிச் சட்டகம். மூன்று அழுத்தப் புள்ளிகள், பதினைந்து ஆதாரப் புள்ளிகள். மலைப்பகுதிக்கு மிகவும் ஏற்றது."

அவர் அதோடு போயிருக்கலாம். ஆனால் கட்டம் அவரை விடவில்லை. இரண்டு புலி ஏற்கெனவே அடைபட்டிருந்தது. மூன்றாவதற்கு ஒரே ஒரு வழி. அந்த இடத்தில் ஆட்டை வைத்துவிடக் கூடாதே என்று கஸ்தூரியம்மாள் கால் மணி நேரமாக விரலை மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள். முனைவர் பேன்ட்டை மேலே இழுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். அவருடைய கழுத்து அழகாக வளைந்தது.

"இந்த இடத்தில் ஆதாரம் கொடுத்தால் கட்டமைப்பு நிலைபெறும்" என்று ஒரு வாஷரை எடுத்தார்.

"அய்யா, அங்கன வைக்காதீக" என்றான் சின்னக்கருப்பு மெதுவாக. "புலி கட்டிக்கிரும்."

"தெரியும்ப்பா" என்றார் முனைவர். ஊருக்கு வந்த இத்தனை மாதத்தில் அவர் பேசிய முதல் ஊர்ப்பேச்சு அது. வாஷரை வைத்தார்.

பெட்டி சிவப்பானது. மாரிசெல்வத்தின் கையில் வெல்டிங் கம்பி அணைந்தது. இந்த முறை வந்த செய்தியில் மறுபரிசீலனை இல்லை. 'இயக்குநரின் நேரடிப் பங்கேற்பால் வடிவம் இறுதி செய்யப்பட்டது. உற்பத்திக்கு அனுப்பப்படுகிறது.' நாலு பார்வையாளர்களும் கைதட்டினார்கள்.

கஸ்தூரியம்மாள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். "சார், ரெண்டே மணி நேரம் கரண்டு குடுங்க. திங்கக்கெழம எனக்குப் பறிப்பு. ஒங்களுக்கு இது ஆட்டம்னு தெரியும். தெரிஞ்சுதான வச்சீக?"

பார்வையாளர்கள் கார்ப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். முனைவர் குரலைத் தணித்தார்.

"அம்மா, முறைமை எனக்கும் மேலே. நான் அதற்குத் தலைமை வகிக்கிறேன், அவ்வளவுதான்." மாலையைச் சரிசெய்துகொண்டு போனார்.

இயக்குநர் இறுதி செய்த வடிவத்தை அதை வரைந்த ஷெட்டே உற்பத்தி செய்வது விதிமீறல் என்பதால் வேலை பேட்டையின் பெரியகுளம் ரோட்டுப் பக்கத்து ஷெட் ஒன்றுக்குப் போனது. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் பச்சை விளக்கு எரிந்தது. ஏழாம் எண் ஷெட்டில் டிரையர் ஒரு பக்கம் திறந்தபடி நின்றது. மாரிசெல்வம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. ஒரு பக்கத் தகடு ஒட்டத் தெரியாதவனா நான் என்று சின்னக்கருப்பிடம் கேட்டான். அவன் தரையில் கிடந்த வாஷர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

திங்கட்கிழமை மழையோடு மழையாகப் பறிப்பு நடந்தது. ஆட்கள் சொன்னபடி வந்துவிட்டார்கள், காயும் முற்றி நின்றது, நிறுத்த முடியாது. கஸ்தூரியம்மாள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் போனாள். "சேச்சி, இந்த வட்டம் ஸ்தலமில்லா. வியாழன் நோக்காம்" என்று அந்த மலையாளத்துக்காரர் சொல்லிவிட்டார். இந்த முறை இடமில்லை, வியாழக்கிழமை பார்க்கலாம் என்று அர்த்தம். ஐந்து மூட்டைப் பச்சைக் காயைத் தார்ப்பாயில் பரப்பி, இரண்டு நாள் விறகு மூட்டி, கையால் புரட்டிக்கொண்டே இருந்தாள். புகை ஏறியதே தவிரக் காய் காயவில்லை.

புதன்கிழமை காலை மையத்தின் ஜீப் மலையேறி வந்தது. அனுஷ்காவும் ஒரு புகைப்படக்காரரும் இறங்கினார்கள். பின்னாலிருந்து நாலு பேர் பச்சை பெயின்ட் அடித்த இரும்புச் சட்டகம் ஒன்றை இறக்கினார்கள். ஆளுயர முக்கோணம், குறுக்கே மூன்று கம்பி, மூன்று பெரிய போல்ட், பதினைந்து வாஷர் பற்றவைத்தது. முறைமைக்கு வாசல் அளவு நன்றாகத் தெரிந்திருந்தது. சட்டகம் நிலையில் எங்கேயும் இடிக்காமல் உள்ளே போனது.

"நாலே நாளுல டெலிவரிம்மா. மாவட்டத்துலேயே இதுதான் முதல்" என்றாள் அனுஷ்கா. மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லும்போது அவள் கஸ்தூரியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கஸ்தூரியம்மாள் தார்ப்பாயிலிருந்து ஒரு பிடி காயை அள்ளி அவள் கையில் வைத்தாள். "மோந்து பாரு ஆத்தா."

அனுஷ்கா மோந்து பார்த்தாள். மழைக்கு வெளுத்து, நுனியில் சாம்பல் பூத்திருந்த காய். மூக்கைச் சுளிக்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

"இத போடிக்கு எடுத்துட்டுப் போனா என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியும். அதுனால நான் போகப் போறதில்ல" என்றாள் கஸ்தூரியம்மாள். குரல் உயரவே இல்லை. "என்னமோ ஃபாரம் கொண்டாந்திருக்கியே, எழுதிக்க. ஆட்டத்துல கெலிச்சது ஒங்க டைரக்டரு. நல்லா ஆடுறாக, அதையும் எழுது. தோத்தது ஆருன்னும் எழுது."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். அனுஷ்கா படிவத்தைப் பிரித்தாள். பெயர், ஆர்டர் எண், டெலிவரி தேதி, திருப்தி, மிகுந்த திருப்தி. தோற்றவர் பெயருக்கு இடம் இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து பதினோராம் பக்கம் வரை பார்த்தாள். நல்ல பெண் என்பதால் இரண்டாவது தடவையும் பார்த்தாள்.